ஒரே அணிக்கு இரண்டு குவாட்டர்பேக்குகள் சரிப்பட்டு வருமா?

மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களைச் சனிக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பருவத்தில் அவர்களுடைய பயிற்சியாளர் ஒரு குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்தோ ஓடியோ பிறரிடம் கொடுத்தோ தாக்குதலை நடத்துபவர்) நிலையாக வைக்காமல் இருவரை மாற்றி மாற்றி இறக்குகிறார். அரங்கில் பாதிப் பேர் அதற்காக அவரைத் திட்டுகிறார்கள். கிரிக்கெட்டில் தலைவர் பந்துவீச்சாளரை மாற்றிக்கொண்டேதானே இருக்கிறார், இதற்கு மட்டும் ஏன் இத்தனை கூச்சல் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், அந்த இருவரில் இளைய பையன் அடுத்த ஆண்டும் இங்கே இருப்பானா என்ற கவலையும் இருக்கிறது. நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் கேள்வி இதுதான்: அந்தப் பயிற்சியாளர் யோசித்து இதைச் செய்கிறாரா, முடிவெடுக்க முடியாமல் தள்ளிப்போடுகிறாரா? வெளியே உட்கார்ந்திருப்பவர் அதைக் கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும் என்பது என் பதில்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஒரு கல்லூரி அணியின் வீடியோ அறையில் நான்கு பருவங்கள் வேலை பார்த்தேன். அதன்பின் டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் குவாட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கல்லூரி அணி எதற்கும் நான் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஆகவே ஓய்வறைக்குள் என்ன பேசினார்கள் என்பதைப் பற்றி நான் சொல்வதை ஓர் அனுமானமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சித் திடலில் நடப்பதைப் பற்றிச் சொல்வது என் கண்ணால் பார்த்தது.

முதலில் அந்தக் கிரிக்கெட் ஒப்பீடு. பந்துவீச்சாளர் மாறினால் அவருடைய கைவரிசை மட்டும்தான் மாறுகிறது. களத்தடுப்பு வியூகத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். குவாட்டர்பேக் மாறினால் மற்றப் பத்துப் பேருடைய வேலையும் கொஞ்சம் கொஞ்சம் மாறுகிறது. குனிந்து பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் அனுப்பும் சென்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஐந்து யார்டு தள்ளி நிற்பவர் ஆறரை அடி உயரமா, ஐந்தே முக்கால் அடியா என்பதைப் பொறுத்துப் பந்து போய்ச்சேர வேண்டிய உயரம் மாறும். அவர் திரும்பிப் பார்க்க முடியாது. கையின் பழக்கம்தான் கண். அடுத்தது குரல். பந்தை எப்போது அனுப்ப வேண்டும் என்று குவாட்டர்பேக் குரல் கொடுக்கிறாரே, அதை ஒருவர் வெட்டி வெட்டிச் சொல்வார், இன்னொருவர் இழுத்துச் சொல்வார். அந்த அரை நொடி வித்தியாசத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர் முந்தி அசைந்தால் ஐந்து யார்டு அபராதம். இருவரில் ஒருவர் இடக்கையர் என்றால் பந்து எதிர்த்திசையில் சுழன்று வரும். வலக்கையர் எறிந்த பந்துகளையே வாரம் முழுவதும் பிடித்த ரிசீவரின் விரல்களுக்கு அந்தச் சுழற்சி அந்நியமாக இருக்கும். நல்ல கை உள்ளவர்கள்கூட முதல் சில பந்துகளை விரல் நுனியில் தட்டிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவையெல்லாம் பழகினால் சரியாகிவிடும். ஆனால் பழக நேரம் வேண்டும். உண்மையான தட்டுப்பாடு அங்கேதான். ஆட்டப் பருவத்தில் கல்லூரி அணி வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி நடத்தக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. வீடியோ பார்ப்பதும் உடற்பயிற்சியும் அதற்குள்தான் அடக்கம். பதினொருவருக்குப் பதினொருவர் நின்று முழு ஆட்டமாகப் பயிலும் பகுதி அதில் மிகச் சிறியது. எங்கள் பள்ளித் திடலில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி 40 முறை ஆட முடிந்தால் அது நல்ல நாள். ஒரே குவாட்டர்பேக் என்றால் அவருக்கு 30, மாற்று வீரருக்கு 10. இருவரும் ஆடப் போகிறார்கள் என்றால் ஆளுக்கு 20. ஒருவரைத் தயார் செய்யும் நேரத்தில் இருவரை அரைகுறையாகத் தயார் செய்கிறோம். இருவரை வைத்து ஆடுவதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஐயத்துக்கு இடமே இல்லாதது இந்தக் கணக்கு ஒன்றுதான். இங்கே ஒரு பழைய சொல் உண்டு: இரண்டு குவாட்டர்பேக் இருக்கிறார்கள் என்றால் ஒருவர்கூட இல்லை என்று பொருள். ஒரே உறையில் இரண்டு கத்தி என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும் பேச்சு. அதை நான் முழுதாக ஏற்பதில்லை. கத்திகள் இரண்டும் ஒரே வேலைக்கானவை என்றால்தான் அது உண்மை.

இந்தப் பாடத்தை நான் கற்றது என் சொந்தத் தவறால். ஒரு பருவத்தில் எங்களிடம் இரண்டு பையன்கள் இருந்தார்கள். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே திறமை, ஒரே பாணி. யாரையும் புண்படுத்த மனம் வராமல், பந்து நமக்குக் கிடைக்கும்போதெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். மூன்றாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். ஒரு பாஸ் தவறியதும் பையன் பந்து போன திசையைப் பார்க்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தான். அடுத்த முறை ஆபத்தான இடைவெளியில் எறிய வேண்டிய பந்தை அவன் எறியவே இல்லை. பக்கத்தில் நின்ற ஆளுக்கு இரண்டு யார்டு பாஸ் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டான். மற்றவனும் அதையே செய்தான். இருவருக்கும் ஒவ்வொரு பந்தும் ஒரு தேர்வு ஆகிவிட்டது. அந்தப் பையன்களிடம் எந்தக் குறையும் இல்லை. மார்ச் மாதத்திலோ ஆகஸ்டிலோ நான் எடுத்திருக்க வேண்டிய முடிவை அவர்கள் தலையில் சுமத்தி, மக்கள் முன்னால் வெள்ளிக்கிழமை இரவு இறக்கிவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறான காட்சி 2006-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் நடந்தது. அர்பன் மேயர் பயிற்சியாளர். நான்காம் ஆண்டு மாணவர் கிரிஸ் லீக் முதன்மைக் குவாட்டர்பேக். முதலாண்டு மாணவர் டிம் டீபோ அவருக்கு மாற்று. லீக் பந்து எறிவதில் தேர்ந்தவர், இடித்துக்கொண்டு ஓடுபவர் அல்லர். டீபோ காளைமாடுபோல் முட்டிக்கொண்டு ஓடக்கூடிய இடக்கையர். இருவருக்குள் யார் மேல் என்ற கேள்வியே அந்தப் பருவத்தில் மேயருக்கு எழவில்லை. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு நகர்த்தினால்தான் பந்து கையில் நிற்கும்; அதற்கு ஒரு யார்டு, இரண்டு யார்டு தேவைப்படும்போதும் கோல் கோட்டுக்குப் பக்கத்திலும் டீபோ வருவார். வேலை முடிந்ததும் போய்விடுவார். அந்தப் பருவத்தில் அவர் 89 முறை ஓடி 469 யார்டு எடுத்தார், எட்டு டச்டவுன்கள் (பந்தைக் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது).

அக்டோபரில் எல்எஸ்யூ என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்ததுதான் இந்த முறையின் முழு அழகையும் எனக்குக் காட்டியது. கோல் கோட்டிலிருந்து ஒரே ஒரு யார்டு. டீபோ உள்ளே வருகிறார். அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும், எதிரணியின் பதினொரு பேருக்கும், அவர் ஓடப் போகிறார் என்று தெரியும். பந்தை வாங்கிக்கொண்டு இரண்டடி முன்னால் ஓடுகிறார். தடுப்பவர்கள் எல்லாரும் உள்ளே குவிகிறார்கள். அவர் அந்த இடத்திலேயே எம்பிக் குதித்து, அவர்கள் தலைக்கு மேலே, தனியாக நின்ற டேட் கேசியிடம் பந்தைத் தட்டிக் கொடுக்கிறார். டச்டவுன். ஃபுளோரிடா 23-10 என்று வென்றது. இருவரை வைத்து ஆடுவதில் உள்ள பெரிய ஆபத்தை அந்த ஒரு பந்து ஆயுதமாக மாற்றிவிட்டது. ஆள் மாறினாலே என்ன வரப்போகிறது என்று எதிரிக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தத் தெரிதலையே தூண்டிலாகப் போட்டார் மேயர். ஆனால் முதலில் பல வாரங்கள் ஓடி ஓடிக் காட்டியிருந்தால்தான் ஒருநாள் எறிவது பலிக்கும். 2007 ஜனவரி 8 அன்று, தேசியச் சாம்பியன் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டை 41-14 என்று சாய்த்தபோது லீக் 36 பாஸ்களில் 25-ஐச் சேர்த்திருந்தார். டீபோ ஒரு டச்டவுனை எறிந்தும் இன்னொன்றை ஓடியும் எடுத்தார். அடுத்த பருவம் முழுப் பொறுப்பும் டீபோவுக்கு வந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கியது அதுவே முதல் முறை.

வேலையைப் பிரிக்காமல் நேரத்தை மட்டும் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1999-இன் மிச்சிகன் அணியைப் பாருங்கள். லாயிட் காரிடம் இருந்தவர்கள் டாம் பிரேடியும் டுரூ ஹென்சனும். முதல் கால்பகுதி பிரேடிக்கு, இரண்டாவது ஹென்சனுக்கு. இடைவேளையில் யார் நன்றாக ஆடினார் என்று பார்த்து மீதியை அவரிடம் ஒப்படைப்பது. முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக இடைவேளைக்குப் பின் ஹென்சனைத் தேர்ந்தெடுத்தார் கார். 17 புள்ளிகள் பின்தங்கியதும் மறுபடியும் பிரேடி வந்தார். கிட்டத்தட்ட எட்டிப்பிடித்து, 34-31 என்று தோற்றார்கள். ஏழு ஆட்டங்களுக்குப் பிறகு கார் அந்த முறையைக் கைவிட்டார். பருவத்தின் கடைசியில் தேர்ந்த அணிகளுக்கு நடக்கும் கிண்ண ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு கிண்ணத்தில், அலபாமாவுக்கு எதிராக பிரேடி 369 யார்டு எறிந்து 35-34 என்று வென்று கொடுத்தார். பிரேடி பின்னாளில் யார் ஆனார் என்பதை வைத்து காரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. அன்றைக்கு அவர் முன் இருந்தவர்கள் இரண்டு திறமையான மாணவர்கள், அவ்வளவுதான். நான் குறை காண்பது வேறு இடத்தில்: அந்த ஏற்பாட்டில் முதல் பாதி முழுவதும் இருவருக்கும் ஒரு போட்டித் தேர்வாக இருந்தது.

2015-இன் ஒஹாயோ ஸ்டேட் இன்னும் வலுவான சான்று, ஏனென்றால் அங்கேயும் பயிற்சியாளர் அதே அர்பன் மேயர். முந்தைய பருவத்தில் பிராக்ஸ்டன் மில்லர், ஜே.டி. பாரட் இருவரும் அடுத்தடுத்துக் காயமடைய, மூன்றாம் நிலையில் இருந்த கார்டேல் ஜோன்ஸ் வந்து விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஒரகனை 42-20 என்று வென்று சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஜோன்ஸும் பாரட்டும் நலமாகத் திரும்பினார்கள். யாரை உட்கார வைப்பது? ஜோன்ஸ் தொடங்கினார், பின் கோல் கோட்டுக்கு அருகே மட்டும் பாரட், பின் பாரட்டே முழுதும். பருவம் முழுவதும் ஒரே தோல்விதான், மிச்சிகன் ஸ்டேட்டிடம் 17-14. ஆனால் அந்த ஆட்களைக் கொண்ட தாக்குதல் அணி பல ஆட்டங்களில் திணறியதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. 2006-இல் அவ்வளவு தெளிவாக இருந்தவருக்கு 2015-இல் ஏன் அப்படி ஆயிற்று? 2006-இல் ஒருவர் செய்வதை மற்றவரால் செய்ய முடியாது. 2015-இல் இருவருமே முழுக் குவாட்டர்பேக்குகள். இருவருக்குமே முதலிடத்துக்கு நியாயமான உரிமை இருந்தது. முறையில் தவறில்லை, ஆட்கள்தான் அந்த முறைக்குப் பொருந்தவில்லை என்பது என் கணிப்பு.

என் பேச்சுக்கு எதிராக ஓர் ஆட்டத்தையும் வைக்கிறேன், இல்லையென்றால் நேர்மையாக இராது. 1997 நவம்பரில் ஸ்டீவ் ஸ்பரியர் ஃபுளோரிடா அணியில் டக் ஜான்சனையும் நோவா பிரிண்டைஸையும் ஏறத்தாழ ஒவ்வொரு பந்துக்கும் மாற்றினார். தோல்வியே காணாமல் வந்த ஃபுளோரிடா ஸ்டேட்டை 32-29 என்று வீழ்த்தினார். அங்கே வேலைப் பிரிவினை ஒன்றும் இல்லை. ஒருவர் களத்தில் ஆடும்போது மற்றவர் எல்லைக்கோட்டில் ஸ்பரியரின் பக்கத்தில் நிற்பார். எதிரணி எப்படி நிற்கிறது, அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று அவர் காதில் சொல்லி உள்ளே அனுப்புவார். ஒவ்வொரு பந்துக்கும் பயிற்சியாளரின் பேச்சு நேரில், முழு வாக்கியமாகப் போய்ச்சேர்ந்தது. அந்த நன்மைக்கு இன்று மதிப்புக் குறைவு. 2024 முதல் முதல்நிலைக் கல்லூரி அணிகளில் களத்தில் உள்ள ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் பேசும் கருவி வைக்கலாம். அடுத்த பந்தைத் தொடங்கக் கொடுக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில் 15 நொடி மீதி இருக்கும்போது அது அணைந்துவிடும். சொல்ல வேண்டியதை அதிலேயே சொல்லிவிடலாம் என்றபின் ஆளை ஓட வைக்க வேண்டியதில்லை. மேலும், தாக்கும் அணி ஆளை மாற்றினால் எதிரணிக்கும் ஆள் மாற்ற நடுவர் நேரம் கொடுத்தாக வேண்டும். மூச்சு விடாமல் வேகமாக ஆடுவதே பல அணிகளின் உயிர்நாடியாக இருக்கும் இந்தக் காலத்தில், ஒவ்வொரு மாற்றமும் அந்த வேகத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்வதுதான்.

எதிரணிக்குத் தொந்தரவு உண்டா என்றால், உண்டு. அவர்களுக்கும் அதே 20 மணி நேரம்தான். 2012-இல் நார்த்வெஸ்டர்ன் அணியில் ஓடுவதற்கு கெய்ன் கோல்ட்டர், எறிவதற்கு டிரெவர் சீமியன். கோல்ட்டர் சும்மா வெளியே போய் உட்காரவில்லை. சீமியன் குவாட்டர்பேக்காக நிற்கும்போது அவர் ரிசீவராகவும் ஓட்டக்காரராகவும் நின்றார். அவர் எங்கே நிற்கிறார் என்று ஒவ்வொரு முறையும் தேடிக்கொண்டிருந்தது எதிரணி. அந்தப் பருவம் 10 வெற்றி, 3 தோல்வி. 1949-க்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த முதல் கிண்ண வெற்றியும் அப்போதுதான். என்னைக் கேட்டால் இருவரை வைத்து ஆடுவதில் இதுவே மிகச் சிறந்த வகை. இரண்டாமவர் களத்தில் இருந்துகொண்டே இரண்டாமவராக இருக்கிறார். ஆள் மாறுவதை வைத்து எதிரி எதையும் படிக்க முடிவதில்லை.

அரங்கில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லும் இரண்டு காரணங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது. ஒன்று, மாற்றினால் குவாட்டர்பேக்குக்கு 'லயம்' கெட்டுவிடும் என்பது. அப்படி நடந்ததாக எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் மோசமாக ஆடியவரை மாற்றுகிறோமா, மாற்றியதால் மோசமாக ஆடினாரா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடிவதில்லை. மற்றொன்று, அணி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும் என்பது. தோற்கும் அணியில் எதுவும் பிளவாகத் தெரியும். லீக்குக்கும் டீபோவுக்கும் தனித்தனி ஆதரவாளர்கள் அரங்கில் இருந்தார்கள். வென்றுகொண்டிருந்ததால் அது பெரிதாகவில்லை.

சரி, இந்தச் சனிக்கிழமை என்ன பார்ப்பது? இரண்டாமவர் இறங்கும்போது நிலைமை என்ன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனையாவது முயற்சி, எத்தனை யார்டு தேவை, கோல் கோடு எவ்வளவு தூரம். இரண்டு ஆட்டம் போதும். வரிசை தெரிந்தால், அதாவது மூன்றாவது முயற்சியில் குறைந்த யார்டு, கோல் கோட்டுக்கு அருகே என்பதுபோல ஒரே வகை நிலைமைகள் திரும்பத் திரும்ப வந்தால், அது ஆகஸ்டிலேயே போட்ட திட்டம். ஒரு பாஸை எதிரணி பறித்த உடனே ஆள் மாறுகிறது, இரண்டு முறை பந்தைத் திருப்பிக் கொடுத்தவுடனே மாறுகிறது என்றால் அது திட்டம் ஆகாது, பதற்றம். அதோடு, தவறு செய்த பையனின் முகத்தைப் பாருங்கள். அவன் அடுத்த பந்துக்காக ரிசீவரிடம் போய்ப் பேசுகிறானா, எல்லைக்கோட்டைத் திரும்பிப் பார்க்கிறானா? நான் மூன்றாவது வாரம் கண்டுகொண்டதை நீங்கள் மேல் வரிசையிலிருந்தே காணலாம்.

இளையவன் இருப்பானா என்ற கேள்விக்கு, இன்றைய விதிகளின்படி அவனைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஒரு பருவம் உட்கார வேண்டும் என்ற பழைய தடை 2021-இல் முதல் மாற்றத்துக்கு நீங்கியது. 2024-இல் முழுதாகவே போய்விட்டது. 2018-இல் கிளெம்சன் பல்கலைக்கழகம் முதல் நான்கு ஆட்டங்களில் கெல்லி பிரையன்ட், டிரெவர் லாரன்ஸ் இருவரையும் ஆட வைத்தது. லாரன்ஸ்தான் முதன்மைக் குவாட்டர்பேக் என்று அறிவித்ததும், நான்கு ஆட்டம் வரை ஆடினால் ஆடத் தகுதியுள்ள ஆண்டுகளின் கணக்கில் அந்த ஆண்டு வராது என்று அப்போதுதான் வந்திருந்த விதியைப் பயன்படுத்தி பிரையன்ட் விலகிவிட்டார். அடுத்த ஆட்டத்திலேயே லாரன்ஸ் காயமடைந்து வெளியேற, சேஸ் பிரைஸ் என்ற மாற்று வீரர் 94 யார்டு நகர்த்திக் கொண்டுபோய் சிரக்யூஸை 27-23 என்று வெல்ல வைத்தார். அந்தச் சனிக்கிழமை தப்பியதால்தான் அந்தப் பருவம் 15 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை என்று முடிந்தது. 2023-இல் கான்சஸ் ஸ்டேட்டில் வில் ஹோவர்டுக்கு இணையாக முதலாண்டு மாணவர் ஏவரி ஜான்சனை இறக்கினார்கள். டெக்சாஸ் டெக்குக்கு எதிராக ஜான்சன் ஓடியே ஐந்து டச்டவுன் எடுத்தார். அந்தப் பருவம் முடிந்ததும் ஹோவர்டு ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். 2025 ஜனவரியில் அங்கே தேசியச் சாம்பியன் ஆனார். விலகியவர் இந்த இரண்டு இடத்திலும் மூத்தவர்தான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் அணியில் மூத்தவருக்கு இன்னும் ஓர் ஆண்டு ஆடத் தகுதி மிச்சம் இருந்தால், முதலில் அவர் என்ன செய்வார் என்பதைப் பாருங்கள். இளையவனின் முடிவு பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கும்.